பாப்-அப் கேம்பர் கூரையில் சோலார் பேனல்: வாட்டைப் பார்க்கும் முன் எடையைப் பாருங்கள்

உங்கள் கேள்வியில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் உட்காரும் பாப்-அப் கேம்பர், கையால் தூக்கும் கூரை. அதன் மேல் 400 வாட் போடலாமா? எடை ஏறாமல் இருக்க வளையும் பேனலை ஒட்டிவிடலாமா? ஏறி இறங்கும் கூரையிலிருந்து வயரை எப்படிக் கீழே கொண்டுவருவது? இரண்டு பேனலை இணைப்பது சீரியஸாகவா (ஒன்றன்பின் ஒன்றாக, வோல்டேஜ் கூடும்), பேரலலாகவா (பக்கத்துப் பக்கமாக, ஆம்பியர் கூடும்)?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரையில் 200 வாட், கண்ணாடி போட்ட கெட்டிப் பேனலாக. அதற்கு மேல் வேண்டுமென்றால் தரையில் வைக்கிற மடக்குப் பேனல். ஒட்டுகிற வேலை வேண்டாம். வயர் கூரையின் மடிப்புப் பலகையை (கூரையின் இரு முனையிலும் அதைத் தாங்கி நிற்கும், கீலில் மடங்கும் பலகை) ஒட்டி உள்ளே இறங்கட்டும். இரண்டு பேனல் என்றால் சீரியஸ். ஏன் என்று இனி விவரமாகப் பார்க்கலாம்.

சாதாரண கேம்பர் வேனில் பேனலின் எடை ஒரு பொருட்டே இல்லை. ஏற்றினால் ஏற்றியதுதான், அதன் பிறகு அதைத் தூக்குவது எஞ்சின். பாப்-அப்பில் அந்த எடையைத் தினமும் தூக்கப்போவது உங்கள் தோள். மழையில், இருட்டில், எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிய களைப்பில் தூக்கவேண்டியிருக்கும். கூரையே தூக்க முடியாதபடி கனத்துவிட்டால், எத்தனை வாட் மேலே இருந்து என்ன பயன்?

100 வாட் கெட்டிப் பேனல் ஒன்று 6 முதல் 8 கிலோ வரை இருக்கும். 200 வாட் என்றால் 10 முதல் 12 கிலோ. வீட்டு மாடியில் போடுகிற 400 வாட் பேனல் ஒற்றையாகவே 20 கிலோவைத் தாண்டும். இதோடு பிராக்கெட், போல்ட், வயர் எல்லாம் சேர்த்து இன்னும் 2, 3 கிலோ. எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கையால் தூக்கும் கூரையில் ஒரு சமயத்தில் ஒரு முனையைத்தான் தூக்குகிறோம். மறுமுனை தன் மடிப்புப் பலகையின் மேல் உட்கார்ந்து பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. பேனல் கூரையின் நடுவில் இருந்தால், 20 கிலோவில் 10 கிலோதான் ஒவ்வொரு முனையிலும் தெரியும். அதையே ஓட்டுநர் கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முன்பகுதியில் கொண்டுபோய் வைத்தால், கிட்டத்தட்ட முழு 20 கிலோவும் முன்பக்கம் தூக்கும்போது இறங்கும். அங்கே நாம் நிமிர்ந்து நின்று தூக்குவதும் இல்லை. படுக்கையின் மேல் மண்டியிட்டு, குனிந்த முதுகோடு உந்துகிறோம்.

பேனல் வாங்கும் முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பேனல் வரப்போகிற இடத்தில் 10 லிட்டர் கேன் இரண்டைப் படுக்கவைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். கூடவே ஒருவரை வைத்துக்கொண்டு கூரையைத் தூக்கிப் பாருங்கள். ஒரு தடவை தூக்கி, "பரவாயில்லை, வந்துவிட்டது" என்று நிறுத்திவிடாதீர்கள். நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். வீட்டில் உங்களோடு பயணம் செய்கிறவர் வேறு யாராவது கூரை தூக்கும் வழக்கம் இருந்தால் அவரையும் தூக்கச் சொல்லுங்கள். அவரால் முடிகிற எடைதான் உங்கள் வரம்பு.

கேஸ் ஸ்ட்ரட் (வாயு அழுத்தத்தால் கூரையை மேலே உந்தும் தண்டு) போட்டால் சுலபமாகிவிடுமே என்பீர்கள். ஆகும். பேனல் எடைக்கு ஈடாகக் கொஞ்சம் விசை கூட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் அளவு மீறினால் தொல்லை வேறு பக்கம் வரும். கூரையைக் கீழே இழுத்துக் கொக்கி மாட்டுவதற்குள் தொங்க வேண்டியிருக்கும். பூட்டிய பிறகும் ஸ்ட்ரட் மேலே உந்திக்கொண்டே இருப்பதால், ஓடும்போது அந்தப் பாரம் முழுக்கக் கொக்கிகள் மேல். பேனலை முதலில் மாட்டி, தூக்கிப் பார்த்து, அப்புறம் ஸ்ட்ரட் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை.

கிராங்க் அல்லது மோட்டார் வைத்துத் தூக்கும் மாடல் உள்ளவர்களும் இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தோள் வலி இல்லை, ஆனால் கேபிளும் கப்பியும் இருக்கின்றன. தயாரிப்பாளர் சொல்லும் எடை வரம்பு எதைக் குறிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூரை மூடி நிற்கும்போது தாங்கும் எடை, ஓடும்போது தாங்கும் எடை, தூக்கும்போது தாங்கும் எடை என்று மூன்று தனி எண்கள் உண்டு. பேனலுக்கு மூன்றாவதுதான் முக்கியம். பெரும்பாலும் அதுதான் மூன்றிலும் சின்னது.

சரி, எடைதான் பிரச்சினை என்றால் 100 வாட்டுக்கு 2 கிலோவே வரும் வளையும் பேனல் இருக்கிறதே? காகிதத்தில் பார்த்தால் இதற்கென்றே செய்தது போலத்தான் தெரியும். நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் சூடு. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரி செல்சியஸில் எடுத்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் செல் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் சக்தியை இழக்கும். அடியில் காற்று ஓட வழியில்லாமல் கூரையோடு ஒட்டிய பேனல் வெயிலில் 70 டிகிரிக்குப் போனால், 45 டிகிரி கூடுதல், அதாவது 15 சதவீதத்துக்கு மேல் போச்சு. அந்தச் சூடு அங்கேயே நிற்காது. மெல்லிய கூரை வழியாக நீங்கள் படுக்கும் இடத்துக்கு இறங்கும். கெட்டிப் பேனலை 3, 4 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டினால் நடப்பது இதற்கு நேர்மாறு. கூரைக்கு அது நிழல் கொடுத்து உள்ளே குளிர்ச்சியாக்கும்.

இன்னொரு காரணம் கூரையின் அசைவு. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.023 மி.மீ. விரியும். மூன்று மீட்டர் கூரை 50 டிகிரி சூடேறினால் மூன்றரை மி.மீ. நீளும், இரவில் மறுபடி சுருங்கும். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் பேனல் வேறு அளவில் விரியும். தினமும் இப்படி இழுபட்டு, சாலைக் குலுக்கலும் சேர்ந்து, உள்ளே செல்களில் முடி போன்ற விரிசல்கள் வரும். மேல் பூச்சு மங்கும், குமிழ் விடும், விரிசல் விட்ட செல் ஒரே இடத்தில் சூடாகிக் கருகும். கெட்டிப் பேனலுக்கு 25 வருடம் உற்பத்தி உத்தரவாதம் தருவது சாதாரணம். வளையும் பேனலில் அந்தப் பேச்சே பெரும்பாலும் கிடையாது. போனால் கழற்றுவதும் தனி அவஸ்தை. பசையோடு கூரைப் பெயின்டும் சேர்ந்து வரும். உங்கள் தோளுக்குக் கெட்டிப் பேனல் முடியவே முடியாது என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். அப்போதும் நேராகக் கூரையில் ஒட்டாமல், இரட்டைச் சுவர் உள்ள பாலிகார்பனேட் தகட்டில் ஒட்டி, அந்தத் தகட்டைக் கூரையில் பிடிக்கவையுங்கள். கொஞ்சம் காற்று ஓடும், மாற்றுவதும் எளிது.

மாட்டும் முறைக்கு வருவோம். பாப்-அப் கூரைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒரே தகடாக வரும் அலுமினியம், ஃபைபர்கிளாஸ், மரத்தின் மேல் ரப்பர் சவ்வு ஒட்டியது என்று வகை உண்டு. ரப்பர் சவ்வு என்றால் டேப் வைத்து ஒட்டும் எண்ணத்தை அப்போதே விட்டுவிடுங்கள். பேனலை நீங்கள் சவ்வோடுதான் ஒட்டியிருப்பீர்கள், சவ்வு மரத்தோடு எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறது என்பது யார் கையிலும் இல்லை.

காற்று எவ்வளவு இழுக்கும் என்று ஒரு கணக்கு. மணிக்கு 100 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 28 மீட்டர். அந்தக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ எடைக்குச் சமம். 200 வாட் பேனல் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர்தான். எதிர்க்காற்று 30 கி.மீ. வீசினால் காற்றின் வேகம் 130, அழுத்தம் 80 கிலோவைத் தொடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். படுத்திருக்கும் பேனலை இந்த முழு விசையும் தூக்கிவிடாது என்றாலும், முன்விளிம்பு நிமிர்ந்திருந்தால் அடியில் காற்று புகுந்து நெம்பும். நாலு பிராக்கெட்டையும் கூரையின் உள்ளே ஓடும் சட்டத்தில் பிடித்திருந்தால் இது ஒன்றுமே இல்லை. ஒரு மி.மீ. கூடத் தடிமன் இல்லாத தகட்டில் மட்டும் ஸ்க்ரூ முடுக்கியிருந்தால், ஒவ்வொரு குலுக்கலிலும் துளை பெரிதாகிக்கொண்டே போகும்.

அதனால் முதலில் உங்கள் கூரையில் ஏற்கெனவே ரேக் மாட்டும் தண்டவாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பல கேம்பர்களில் தொழிற்சாலையிலேயே சட்டத்தோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். இருந்தால் உங்களைப் போல அதிர்ஷ்டசாலி இல்லை. இரண்டு அலுமினியக் குறுக்குச் சட்டம் போட்டு அதன் மேல் பேனலை வைத்துவிடலாம், கூரையில் ஒரு துளைகூட வேண்டாம். இல்லையென்றால் உள்ளே சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓரத்தில் ரிவெட் வரிசை இருந்தால் அதன் நேர்கோடு காட்டிக்கொடுக்கும். விரலால் தட்டிக்கொண்டே போனால் சட்டத்தின் மேல் சத்தம் கெட்டியாக மாறும். சட்டங்கள் காட்டும் வரைபடத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள், பலர் தருகிறார்கள்.

துளையை அடைப்பதில் அவசரமே கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்து இடத்தைத் துடைத்து, பிராக்கெட்டின் அடியில் பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும், பிசின் போன்ற மெத்தென்ற டேப்) வைத்து, போல்ட்டை மெதுவாக முறுக்குங்கள். டேப் நாலு பக்கமும் லேசாகப் பிதுங்கி வரும்போது நிறுத்துங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் டேப் முழுக்க வெளியே போய்விடும், அடியில் ஒன்றும் மிஞ்சாது. அரை மணி கழித்து மறுபடி கால் சுற்று. பிதுங்கியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு, போல்ட் தலை மேலும் பிராக்கெட் ஓரத்திலும் கூரைக்கென்று விற்கும் சீலன்ட். குளியலறை சிலிகான் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது, அடுத்த தடவை பழுது பார்க்கும்போது தலைவலி. அலுமினியக் கூரையில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்து அலுமினியம் அரிக்கும். போல்ட் மரைகளில் சீலன்ட் தடவிவிட்டால் ஈரம் புகாது.

வேலை செய்யும்போது கூரை மூடிக் கொக்கி போட்டிருக்கட்டும். மேலே ஏறி நிற்காதீர்கள், இரண்டு ஏணி போதும். பாப்-அப் தாழ்வாக இருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு.

இப்போது வயர். பாப்-அப்பில் மற்ற கேம்பரிலிருந்து உண்மையிலேயே மாறுபடுவது இந்த ஒரு இடம்தான். கூரை அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், வயரும் கூடவே நீண்டு மடங்க வேண்டும், ஆனால் எங்கேயும் நசுங்கக் கூடாது, கூரை ஏறியதும் சுவராக நிற்கும் துணியை உரசக் கூடாது. வெளியே பின்பக்கம் தொங்கவிட்டு, கேம்பரின் உடம்பில் ஒரு சாக்கெட்டில் சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்ய எளிது. ஆனால் ஓடும்போது அந்த வளையம் காற்றில் அடித்துக்கொண்டே வரும், புதர் வழியில் கிளை மாட்டும். கழற்றிவிட்டு ஓட்டினால் ஓடும் நேரத்துச் சார்ஜ் போய்விடும்.

நான் எப்போதும் உள்வழியைத்தான் சொல்வேன். உங்கள் கூரையில் விளக்கோ மின்விசிறியோ இருக்கிறதல்லவா? அதற்கு மின்சாரம் கீழிருந்துதான் மேலே போகிறது. கூரையைத் தூக்கி வைத்து, அந்த வயர் எந்த மூலையில், மடிப்புப் பலகையை எப்படி ஒட்டிப் போகிறது என்று பாருங்கள். தயாரிப்பாளர் யோசித்துப் போட்ட பாதை அது, அதன் பக்கத்திலேயே உங்கள் வயரும் போகட்டும். சில கேம்பர்களில் கூரை மேல் சோலார் சாக்கெட்டே தயாராக இருக்கும். அதை அப்படியே நம்பாமல் வயரின் தடிமனையும் அது கீழே எங்கே முடிகிறது என்பதையும் பாருங்கள்.

புதிதாக வழி எடுப்பதென்றால், கூரைத் துளையில் நீர்புகா கிளாண்ட் (வயரைச் சுற்றித் துளையை அடைக்கும் மூடி), அதிலிருந்து மூலைக்கு, மூலையிலிருந்து மடிப்புப் பலகையோடு கீழே. பலகையின் தட்டையான பகுதியில் கிளிப் போட்டு இறுக்கலாம். கீல் வரும் இடத்தில் மட்டும் கிளிப் இல்லாமல், ஒரு விரல் நுழையும் அளவு வளையம் தளர்வாக இருக்கட்டும். மேல் முனையிலும் கீழ் முனையிலும் வயரை அசையாமல் பிடித்துக் கட்டுங்கள், இழுப்பு கனெக்டருக்குப் போகக் கூடாது. சோலார் வயரின் இரட்டை உறை விறைப்பானது, குளிரில் இன்னும் விறைக்கும். மடங்கும் பகுதிக்கு மட்டும் மெல்லிய இழைகள் நிறைய உள்ள, சிலிகான் உறை போட்ட வயர் நல்லது. அந்தப் பகுதியில் சால்டர் வைத்து இணைக்காதீர்கள். சால்டர் முடியும் இடத்தில் இழைகள் விறைத்து, மடங்க மடங்க அங்கேயே முறியும். கிரிம்ப் செய்த (உலோகக் குழாயில் வைத்து நசுக்கி இறுக்கிய) இணைப்புதான், அதுவும் மடங்காத இடத்தில்.

முடித்ததும் ஒரு வேலை. கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு, வயர் இறங்கும் மூலையைப் பார்த்தபடி உள்ளே வைத்துவிட்டு, கூரையை மெதுவாக இறக்குங்கள். வீடியோவில் பார்த்தால் தெரியும்: துணி உள்பக்கமாக மடிகிறது, அதோடு வயர் வளையம் எந்தப் பக்கம் விழுகிறது? உள்ளே விழுந்தால் சரி. கூரை விளிம்புக்கும் உடம்புச் சுவருக்கும் நடுவில், ரப்பர் பட்டையின் மேல் விழுந்தால், வளையத்தைக் குறைக்கவோ ஒரு எலாஸ்டிக் கயிற்றால் உள்ளே இழுக்கவோ வேண்டும். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சீரியஸ், பேரலல் விஷயத்தில் எல்லோரும் ஒப்பிக்கும் ஒரு வாசகம் உண்டு: நிழல் விழும் என்றால் பேரலல். முழு உண்மை இல்லை. 36 செல் உள்ள 100 வாட் பேனலில் வழக்கமாக இரண்டு பைபாஸ் டயோடு (நிழல் விழுந்த செல்களைத் தவிர்த்து மின்சாரத்தை வழிமாற்றும் பாகம்), ஒன்றுக்கு 18 செல். கூரை மின்விசிறியின் மூடி நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுகிறது என்று வையுங்கள். அந்தப் பாதி விலகிக்கொள்ள, மிச்சப் பாதி 9 வோல்ட் அளவுக்குத்தான் தரும். பேரலலில் அந்த 9 வோல்ட் 13 வோல்ட் பேட்டரிக்குள் நுழையவே முடியாது, அந்தப் பேனல் சும்மா உட்கார்ந்திருக்கும். சீரியஸில் அடுத்த பேனலின் 19 வோல்ட்டோடு சேர்ந்து 28 ஆகி, அந்தப் பாதியும் வேலை செய்யும். ஒரு பேனல் முழுக்க நிழலில் போனால் பேரலல் கொஞ்சம் மேல். ஆக, பேரலலுக்கு இருப்பது சின்ன லாபம்தான்.

வயரில் சீரியஸ் தெளிவாக ஜெயிக்கும். 200 வாட் பேரலலில் சுமார் 10 ஆம்பியர். 4 சதுர மி.மீ. செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.0047 ஓம். போக 6 மீட்டர், வர 6 மீட்டர் என்றால் 0.56 வோல்ட் இழப்பு, 19 வோல்ட்டில் 3 சதவீதம். சீரியஸில் 5 ஆம்பியர்தான், இழப்பு 0.28 வோல்ட், அதுவும் 38 வோல்ட்டில், ஒரு சதவீதம்கூட இல்லை. வயர் மெல்லியதாக இருந்தால் கீலில் மடங்குவதும் சுலபம். பாப்-அப்புக்கு இது சின்ன விஷயம் இல்லை. காலையில் பேரலலைவிட முன்னதாகவே சார்ஜ் தொடங்கும். விக்ட்ரான் கம்பெனியின் எம்பிபிடி கன்ட்ரோலர்கள் (பேனலின் கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்குத் தரும் கருவி) வேலையைத் தொடங்க, பேனல் வோல்டேஜ் பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு பேனல் சீரியஸில் இருந்தால் அது விடிந்ததுமே கிடைத்துவிடும்.

கன்ட்ரோலர் எம்பிபிடியாக இருக்க வேண்டும். அப்படி மாற்றாத பிடபிள்யூஎம் வகை என்றால் சீரியஸ் போட்டுப் பயனில்லை, கூடுதல் வோல்டேஜ் வீணாகும். அளவுக்கு உதாரணம்: விக்ட்ரானின் 75/15 மாடல் 75 வோல்ட் வரை தாங்கும், 12 வோல்ட் பேட்டரியில் 220 வாட் வரை பயன்படுத்தும். உங்கள் 200 வாட்டுக்குச் சரியாகப் பொருந்தும். இரண்டு பேனலின் திறந்த வோல்டேஜ் (எதையும் இணைக்காதபோது காட்டும் வோல்டேஜ்) 45 சொச்சம்தான். மூன்றைச் சீரியஸில் போட்டால் 67, உறைபனிக் காலையில் அது இன்னும் 10 சதவீதம் ஏறி 75ஐ முட்டும், கன்ட்ரோலர் போய்விடும். மூன்று பேனல் என்றால் பேரலல், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். ஆனால் மூன்று பேனலை அந்தக் கூரையில் வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மற்றபடி வழக்கமானவைதான். பேட்டரிக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸ், பேனல் பக்கம் டிசிக்கென்று (நேர் மின்னோட்டத்துக்கென்று) செய்த பிரேக்கர் ஒன்று. இணைக்கும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு, கழற்றும்போது அப்படியே தலைகீழ். பேனல் வெயில் பட்ட நிமிடமே மின்சாரம் தரத் தொடங்கிவிடும், அதனால் மாட்டும்போது மேலே ஒரு போர்வை. பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரை மின்சாரம் ஓடும்போது பிடுங்கினால் பொறி பறக்கும், பிரேக்கரை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். வேறு வேறு கம்பெனி எம்சி4 ஒன்றோடொன்று பொருந்துவதுபோல் தெரியும், உள்ளே தொடுப்பு சரியாக அமையாமல் சூடாகும். இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருந்தால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறக் கூடாது. குளிரில் தானே நிறுத்திக்கொள்ளும் வசதி பேட்டரியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் 200 வாட் போதுமா? 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் எடுக்கும், நாளில் 40 சதவீத நேரம் ஓடினால் 430 வாட்-அவர். விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார் சேர்த்து 100. கைப்பேசி, லேப்டாப் 150. ஆக 680. நல்ல கோடையில் படுத்த 200 வாட் பேனல், ஐந்து மணி நேர முழு வெயில், 30 சதவீதக் கழிவு போக, 700 தரும். கணக்கு மயிரிழையில் நேராகிறது. 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி 1,280 வாட்-அவர் வைத்திருக்கும், இரண்டு மேகமூட்ட நாளைச் சமாளிக்கலாம்.

குளிர்காலம்தான் உதைக்கும், ஆனால் அங்கே கூரையில் 400 வாட் போட்டாலும் நீங்கள் நினைக்கிற பலன் வராது. வட அட்சரேகை 45 டிகிரியில், டிசம்பர் மூன்றாம் வாரத்தில், நடுப்பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 21, 22 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். படுத்த பேனலுக்கு நேரடி ஒளியில் 37 சதவீதம்தான் கிடைக்கும். சூரியனைப் பார்த்து நிமிர்த்தி வைத்த 100 வாட் மடக்குப் பேனல் அந்த நேரத்தில் கூரையிலிருக்கும் 200 வாட்டைத் தாண்டிவிடும். இதற்காகத்தான் மிச்சத்தைத் தரையில் வையுங்கள் என்றேன். கோடையில் வேறு ஒரு லாபம்: வண்டி மர நிழலில், பேனல் வெயிலில். கூரையில் இருக்கும் பேனலுக்காக வண்டியை வெயிலில் நிறுத்தி, உள்ளே வெந்துகொண்டிருப்பது என்ன கணக்கு? கூரைப் பேனலைச் சாய்க்கும் பிராக்கெட்டும் கிடைக்கிறது, அது கூடுதல் எடை, ஏணி, காற்று பயம். பாப்-அப்பில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மடக்குப் பேனலுக்குக் கேம்பர் உடம்பின் பக்கவாட்டில் ஒரு நீர்புகா சாக்கெட் போட்டு, அதற்குத் தனியாக ஒரு சின்னக் கன்ட்ரோலர் வையுங்கள். இரண்டு கன்ட்ரோலரும் ஒரே பேட்டரிக்குச் சார்ஜ் தருவதில் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் கன்ட்ரோலர் கூடவே ஒட்டி வரும் மடக்குப் பேனலை இன்னொரு கன்ட்ரோலர் வழியாக விடக் கூடாது. அதைக் கழற்றிவிட்டுப் பேனலை நேராக இணைக்க வேண்டும்.

இன்னும் பணமும் ஆசையும் மிச்சமிருந்தால், அடுத்த பேனலுக்கு முன் டிரக்கின் ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் பாகம்) கேம்பர் பேட்டரியை ஏற்றும் ஒரு டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். 25 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி ஓட்டத்தில் 300 வாட்-அவருக்கு மேல் ஏற்றிவிடும், மேகமோ இரவோ அதற்குப் பொருட்டில்லை, கூரையில் ஒரு கிராம் எடையும் ஏறாது. டிரெய்லர் சாக்கெட்டில் வரும் மெல்லிய வயரை மட்டும் அதற்கு நம்பாதீர்கள். டிரக் பேட்டரியிலிருந்து தடித்த வயர் தனியாக, இரண்டு முனையிலும் ஃபியூஸோடு வர வேண்டும்.